வலங்கைமானில் பொட்டாசியம் தேடிய நான்கு நாட்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. மலேசியாவில், கெடாவில் பிறந்தவள் நான். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான், ஆனால் அவை மலாய்க்காரர்களின் வயல்கள். நாங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில், லயத்தில், வளர்ந்த பிள்ளைகள். நெல் சோறாகித் தட்டில் விழுந்த பிறகுதான் எங்களுக்கு அறிமுகம். அப்படிப்பட்டவளிடம் ஒரு கண்ணாடித் தட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார் என் பேராசிரியர். தஞ்சாவூர் ஜில்லாவில் அது அறுவடை நேரம், கூலித் தகராறு உச்சத்தில் இருந்த நேரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் பிழைப்பு இதுதான். சூரியனின் முகத்தில் சில சமயம் ஓரிடம் திடீரென்று பளிச்சென்று வெடித்து, சில நிமிஷம் எரிந்து அடங்கும். சூரியச் சுடர் என்போம். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் படமெடுத்தால் அதில் ஒளிர்கோடுகள் விழும். இரும்புக்கு ஓரிடம், கால்சியத்துக்கு ஓரிடம் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய இடங்கள் உண்டு. கோட்டை அளந்து, இன்னாருடையது என்று பெயர் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு மலை ஒன்றின் மேலிருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தில், ஒரு மார்கழித் திங்கட்கிழமை எடுத்த தட்டு எங்களுக்கு இரவலாக வந்திருந்தது. அதில் இரும்பின் தடித்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் மெல்லிசாக இரண்டு கோடுகள். அளந்தேன். பொட்டாசியம்.

அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அது எங்கிருந்து வந்தது என்பதில்தான். சுடரின் சூட்டில் பொட்டாசியம் அணு முழுசாக நிற்காது, சிதைந்துவிடும். நிற்கிறது என்றால் சுடருக்குள் யாரும் எதிர்பாராத குளிர்ந்த இடம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அச்சுக்குப் போகும் சமயத்தில் பேராசிரியர் ஒரு சீட்டு அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "பொட்டாசியம் சரி. அது சூரியனில் இருந்ததா, படமெடுத்தவர் விரலில் இருந்ததா? சிகரெட்டுக்குக் கிழித்த தீக்குச்சிகூட நம் துறையை ஏமாற்றியிருக்கிறது. ஆளை நேரில் பார்த்துக் கேட்டு வா."

பதிவேட்டில் படமெடுத்தவரின் பெயர் கலியபெருமாள் என்று இருந்தது. மலைக்குப் போனால் அவர் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டாராம், வலங்கைமான் பக்கம். கருவி இருந்த அறையின் வாசலில் ஒரு பிள்ளையார் படமும் ஒரு கிண்ணம் திருநீறும் இருந்தன. சாணிச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. திருநீறு பூசிய கையோடு கருவியைத் தொட்டிருப்பார், தீர்ந்தது கதை என்று மலையிறங்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். பதிவேட்டில் அவர் கையெழுத்திட்ட பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை கும்பகோணத்தில் இட்லி. தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டால் "கடப்பா" என்றார் பரிமாறியவர். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்த்த வெள்ளைக் குழம்பு. எங்கள் ஊரில் இட்லிக்கு மீன் குழம்பு ஊற்றிப் பழகிய நாக்கு முதலில் முறைத்துக்கொண்டது. மூன்றாவது இட்லியில் சமாதானமாகி, ஐந்தாவது கேட்டது.

பஸ் கிளம்பி அரை மணியில் நின்றுவிட்டது. ரோட்டின் மேல் கதிரைப் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளே மிதித்து நெல்லை உதிர்த்துக் கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு. வைக்கோல் அச்சில் சுற்றிக்கொண்டது. கண்டக்டர் யாரிடமோ அரிவாள் வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கெடாவில் ரோட்டில் இப்படிச் செய்தால் போலீஸ் வந்திருக்கும். இங்கேயும் போலீஸ் வேன் ஒன்று மரத்தடியில் நின்றது, ஆனால் அது வேறு எதற்கோ வந்தது போலிருந்தது. பின் சீட்டில் இருவர் பேசிக்கொண்டார்கள்.

"கெழக்க அறுப்பு நடக்குதா?"

"எங்க? ஆளுங்க வரப்புல கொடிய நட்டுட்டு உக்காந்திருக்காங்க."

கிழக்கே ஓர் ஊரில் கூலிச் சண்டையில் ஆட்களைக் குடிசையோடு கொளுத்திச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதை நான் பேப்பரில் படித்திருந்தேன். பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பக்கத்து சீட்டு அம்மாள் என் மடியிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "உள்ள என்னம்மா?"

"சூரியனோட படம்."

"அதான் செவுரெல்லாம் இருக்கே" என்று வெளியே காட்டினார். உண்மைதான். மதகுச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடைச் சுவர் எல்லாவற்றிலும் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. ஓட்டுக்காக வரைந்ததாம். இவ்வளவு தூரம் பெட்டியில் வைத்துப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

வலங்கைமானில் இறங்கியதும் அடுத்த அடி. கடைத்தெருவில் நாலடிக்கு ஒரு வெடிக்கடை. தீபாவளி போய் மாதங்கள் ஆகியும் கடைகள் திறந்தே இருந்தன. "இந்த ஊருல செய்யறதுதாம்மா" என்றார் ஒரு கடைக்காரர். "கல்யாணம், திருவிழா, சாவு, எல்லாத்துக்கும் இங்கேருந்துதான் போகுது. வெடியுப்பு, கந்தகம், கரி, அவ்வளவுதான்." வெடியுப்பும் பொட்டாசியம்தான்! தீக்குச்சியிலும் பொட்டாசியம், திருநீற்றிலும் பொட்டாசியம், இப்போது ஊரே பொட்டாசியம். என் முடிவு தலைகீழானது. லாட்ஜில் படுத்துக்கொண்டு, கலியபெருமாள் திருநீறு பூசிக்கொண்டு, பீடி பிடித்துக்கொண்டு, வெடி செய்வதாக நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீடு. நாற்பது வயதிருக்கும், கறுப்புச் சட்டை, நெற்றி துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது. அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"திருநீறு பூசுவீங்களா?" என்று கேட்டேன். வந்து நின்றவுடன் கேட்கிற கேள்வியா அது! என் அவசரம் அப்படி.

"சாமியே கும்புடறதில்லைங்க. நீங்க யாரு?"

பீடியும் கிடையாதாம். வெடிக்கடைப் பக்கம் போவதும் கிடையாதாம். சரி, முறையாகத் தொடங்குவோம் என்று பதிவேட்டு நகலை நீட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"மிராசுதாரு வக்கீல் அனுப்புனாரா உங்கள?"

இல்லை என்றேன். மலேசியா என்றேன், சூரியன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். போகிற போக்கில், "சாப்புட்டுட்டுக் கெளம்புங்க" என்றார். போ என்று சொல்கிறவர் எதற்குச் சாப்பிடச் சொல்கிறார் என்று விளங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி வசந்தா இலை போட்டு, வயல் நண்டை இடித்து வைத்த ரசத்தை ஊற்றினார். மிளகுக் காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, விஷயத்தை அவர்தான் சொன்னார்.

அவர்கள் உழுவது மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்த நிலம். குத்தகைக்காரர் என்று பதிவாகிவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் சட்டப்படி குத்தகைக்காரரோ அவர் குடும்பமோ உடம்பால் உழைத்திருக்க வேண்டும். "மாமனாரு படுத்த படுக்கை. எனக்கு அவரக் கவனிக்கவே நேரம் பத்தாது. இவரு மலையில உத்தியோகம். அப்ப யாரு உழைச்சா, எல்லாம் கூலி ஆளுதானேன்னு வக்கீல் கேக்குறாரு. இவரு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை வந்து எறங்கி வேலை செஞ்சுட்டு, ராத்திரியே பஸ்ஸ புடிச்சு ஓடுவாருங்க. அத யாரு சொல்லுவா? அக்கம்பக்கத்துல மிராசுதாருக்குப் பயம். வேலையாளுங்களுக்கு இப்ப இவரு மேலயே கோவம். நாளன்னிக்கு வாய்தா. நிலம் போச்சுன்னா..." என்று நிறுத்திவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

அவர் திங்கட்கிழமைதோறும் மலையில் இருந்தார் என்பதற்குத்தான் மிராசுதார் தரப்பு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தது. நான் அவர் கையெழுத்தையே கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று வயலுக்கே போனேன். வரப்பில் நடப்பது ஒரு வித்தை. இரண்டு தடவை வழுக்கினேன், பெட்டியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றினேன். கலியபெருமாளும் வசந்தாவும் இரண்டே பேராக அறுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வரப்பில் சிவப்புக் கொடி. அதன் கீழே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டு கத்தினாள். அஞ்சலை என்று பெயராம். இதே வயலில் நடவிலிருந்து அறுப்பு வரை வேலை செய்கிறவள்.

"பேசுன கூலிய ஒத்துக்கிட்டு அரிவாள எடுங்க! நீங்களே அறுத்துப்புட்டா நாங்க எங்க போறது?"

"மிராசுதாருக்கு நான் அளக்க வேணாமா? எனக்கு என்ன மிஞ்சுது? என்னை மட்டும் புடிச்சா எப்புடி?"

அஞ்சலை பேசும்போது அவள் பக்கம் நியாயம் என்று பட்டது. இவர் பதில் சொன்னதும் இவர் பக்கம் நியாயமாகிவிட்டது. யார் முதலாளி, யார் தொழிலாளி என்றே எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் தோட்டத்தில் துரை மாடி பங்களாவில் இருப்பார், நாங்கள் லயத்தில் இருப்போம், குழப்பமே கிடையாது.

அவர் தண்ணீர் குடிக்கக் கரையேறியபோது, பேசாமல் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உருப்பெருக்கியையும் கொடுத்தேன். கண்ணாடியின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். சேற்றுக் கை என்று பயந்திருந்தேன். என்னைவிடப் பக்குவமாகப் பிடித்திருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது சூரியன்ல உள்ளது இல்லம்மா" என்றார். "இந்த இரும்புக் கோட்டப் பாருங்க. சுடர்ல வர்ற இரும்பு கொஞ்சம் அகலமா, மழுங்கலா விழும். இதுக்குள்ள ஊசி மாதிரி ஒண்ணு ஓடுது. அது நம்ம மின்வில்லோட இரும்பு. அது நடுவுல இருக்கவே கூடாது."

சூரியனின் கோடுகளை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதற்காக இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே மின்வில்லை எரியவிட்டு, அதன் ஒளியைத் தட்டின் மேலோரமும் கீழோரமும் பதிப்பார்கள். நடுப்பட்டை சூரியனுக்கு. எந்தப் பட்டை திறக்க வேண்டும் என்பதைக் கருவியின் முன்னால் நகரும் ஒரு பித்தளைத் தகடு முடிவு செய்யும். அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் தகட்டை நடுப்பட்டையில் விட்டுவிட்டு மின்வில்லைக் கொளுத்திவிட்டாராம். உடனே தெரிந்து, தகட்டைச் சரியாக நகர்த்தி ஓரங்களில் மறுபடி பதித்தாராம். தட்டு கெட்டுவிட்டது, வேறு மாற்றலாம் என்று எழுந்தபோது பக்கத்து அறையிலிருந்து மணி அடித்தது. சூரியனில் சுடர் கிளம்பிவிட்டது.

"சுடர் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? அதே தட்டுலயே எடுத்துட்டேன். பதிவேட்டுல எழுதலைங்க. எழுதியிருக்கணும். பயம்."

"பொட்டாசியம்?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டினார். "ஆபீஸ் துணியில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கம்பிய எப்பவும் என் துண்டாலதான் துடைப்பேன். முதல் நாள் ஞாயித்துக்கெழமை இங்கே பொட்டாஷ் உரம் வீசுனேன். கையத் தொடச்சது இந்தத் துண்டுல. முதல் தடவை எரிஞ்சப்பவே கம்பியில ஒட்டுனது எல்லாம் போயிருக்கும். அதான் ஓரத்துல இல்ல, நடுவுல மட்டும் இருக்கு."

எல்லாம் பொருந்தியது. எங்காவது பொருந்தாமல் போகாதா என்று நானும் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பொருந்திக்கொண்டே போனது. இரண்டு வருஷம், மூன்று நோட்டு, அச்சுக்குத் தயாரான கட்டுரை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அறுவடை பார்க்க வந்தவள் எதற்கு அழுகிறாள் என்று எதிர் வரப்பில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கலியபெருமாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாளைக்கு இத தாசில்தார்கிட்ட சொல்லுவீங்களாம்மா? அன்னிக்கு என் கையில உரம் இருந்துச்சுன்னு?"

என் கோடு செத்தால் அவர் நிலம் பிழைக்கும். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. சரி என்றும் சொல்லித் தொலைத்தேன்.

நான்காம் நாள் தாலுகா அலுவலகம். சின்ன அறை, பெரிய மேஜை, கட்டுக்கட்டாகக் காகிதம். ஜன்னலுக்கு வெளியே கூலிப் பேச்சுவார்த்தைக்காகச் சங்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள், அஞ்சலையும் இருந்தாள். தாசில்தார் வயதில் என்னைவிடச் சின்னவர், பொறுமைசாலி. தட்டை வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார்.

"கோடு கோடா இருக்கு. இதுல உரம் எங்கம்மா இருக்கு?"

காட்டினேன். சுடர், மின்வில், துண்டு எல்லாம் விளக்கினேன். அவர் எதிரிலிருந்த குமாஸ்தாவிடம், "எழுதிக்கிட்டீங்களா?" என்றார். குமாஸ்தா, "எங்கேருந்து எழுதறதுங்க?" என்றார்.

மிராசுதாரின் வக்கீல் மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் எல்லாம் புரிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, இந்த ஊர் வெடிக்கடையெல்லாம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வெடியுப்புலயும் இதே பொட்டாசியம்தானே?"

"ஆமாங்க."

"இந்தக் கோடு உரத்தாலயா, வெடியுப்பாலயான்னு உங்களால சொல்ல முடியுமா?"

கலியபெருமாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாவும் பார்த்துக்கொண்டிருந்தார். முடியும் என்று சொல்லிவிட்டால் அங்கே மறுக்க ஆளில்லை. ஆனால் கோட்டுக்குப் பொய்ப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முடியாதுங்க" என்றேன். "பொட்டாசியம்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார் வக்கீல். என் கோடும் போய், கலியபெருமாள் நிலமும் போகப் போகிறது, நான் வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தாசில்தார் ஒரு தடவை உரக்கக் கேட்டார். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்கழி மொத ஞாயிறு. இவர் வயல்ல உரம் போட்டதப் பாத்தவங்க யாராவது உண்டா?"

"அன்னிக்கா?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்லாக் கேட்டீங்க! அன்னிக்கு விடிஞ்சதும் நான் கூடையை எடுத்துக்கிட்டுப் போயி கரையில நிக்கிறேன். உனக்கு வேலை இல்ல, போன்னுட்டாரு. எனக்குக் குடுக்குற கூலிய மிச்சம் புடிக்க, தானே எறங்கி வெறுங்கையால வீசுனாரு. வீசத் தெரிஞ்சாத்தானே? கெழக்கால கொத்துக் கொத்தா விழுந்துச்சு, மேக்கால ஒண்ணுமே விழல. பயிரு திட்டுத் திட்டா வந்து ஊரே சிரிச்சுச்சு. இதயும் எழுதுங்கய்யா!"

வக்கீல் எழுந்தார். "எத்தனையோ ஞாயிறு வரும். அதே ஞாயிறுன்னு எப்படிச் சொல்ற?"

"எம் மவ அன்னிக்குத்தான் பெரிய மனுஷி ஆனா. அந்தக் கூலிய நம்பித்தான் அவளுக்கு ஆக்கிப் போட அரிசி வாங்கணும்னு நின்னேன். மறக்குமா எனக்கு?"

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். இவரோடு சண்டையில் இருப்பவள், இவருக்காகப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லாதவள். வக்கீலுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மேலே ஒன்றும் கேட்கவில்லை. தாசில்தார் அவளை உள்ளே அழைத்து, சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லி, குமாஸ்தாவிடம் வாசகம் சொன்னார்: "மனுதாரர் தம் கையாலேயே உரமிட்டுச் சாகுபடி செய்தது இச்சாட்சியால் தெளிவாகிறது." அஞ்சலை கைநாட்டு வைத்தாள். குத்தகை கலியபெருமாள் பெயரில் பதிவாக உத்தரவாயிற்று. வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

என் கோட்டுக்கும் விலாசம் கிடைத்துவிட்டது. கருவியும் அட்டவணையும் சொல்ல முடியாததை ஜன்னலுக்கு வெளியே நின்றவள் சொல்லிவிட்டாள். நான் தட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அஞ்சலை வேப்பமரத்தடியில் சங்கத்து ஆட்களோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

"நீங்க படிச்சவங்க. நான் சொன்னத எழுதுனாங்களாம்மா?"

"எழுதினாங்க. அவர் தன் கையால உரம் போட்டார்னு எழுதினாங்க."

"என்னைப் போன்னு சொன்னது?"

"அது இல்ல."

"அதைத்தானேம்மா நான் சொன்னேன்" என்றாள்.

பையிலிருந்து அளவை நோட்டை எடுத்து, அந்த இரண்டு கோடுகள் இருந்த பக்கத்தைத் திறந்தேன். 'இடம்: சூரியன்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மரத்தடியில் நின்றபடியே எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். இடம்: வலங்கைமான் அருகே ஒரு குத்தகை வயல். நாள்: அஞ்சலைக்கு வேலை இல்லை, போ என்று சொன்ன மார்கழி முதல் ஞாயிறு. அன்று அவள் மகள் பெரியவளானாள்.

கடைசி வரைக்கும் கேட்டாள். "வீட்டுல அரிசி இல்லன்னும் எழுதுங்க" என்றாள்.

அதையும் எழுதினேன்.